புது மிக்சர் வந்தபின் மாவு ஏன் ஒட்டுகிறது? பேக்கரி மெஷினும் வெப்பக் கணக்கும்

சின்ன மெஷினில் பத்துப் பத்து கிலோவாகப் பிசைந்துகொண்டிருந்த ஒரு பேக்கரி, 50 கிலோ மூட்டையை அப்படியே கொட்டிப் பிசையும் பெரிய மிக்சரை வாங்குகிறது. மைதா, ஈஸ்ட், மாஸ்டர் எதுவும் மாறவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. மாவு கையில் ஒட்டுகிறது. முதல் பன்னை உருட்டும்போது சரியாக இருந்த பதம், கடைசிப் பன்னுக்கு வருவதற்குள் உப்பித் தளர்ந்துவிடுகிறது. ரொட்டியை அறுத்தால் உள்ளே பெரிய ஓட்டைகள், லேசான புளித்த வாடை. மைதா சரியில்லை என்று மொத்தக் கடைக்காரரோடு வாக்குவாதம் ஆகிறது. மூட்டையை மாற்றிய பிறகும் அதே கதைதான்.

இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் மைதா குற்றவாளி இல்லை. பெரிய மிக்சர் மாவைப் பிசைவதோடு அதைச் சூடாக்கவும் செய்கிறது. எத்தனை கிலோ பிடிக்கும், என்ன விலை என்று பார்த்து மெஷினை எடுப்பவர்கள், அது மாவுக்குள் எவ்வளவு வெப்பம் இறக்கும் என்று கேட்பதில்லை. மேலே சொன்ன சிக்கல்களில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகின்றன.

(இந்தக் கட்டுரையில் ‘மைதா’ என்றால் உலர்ந்த மைதா, ‘மாவு’ என்றால் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தது.)

பிசையும்போது உள்ளே நடப்பது

மைதாவில் கிளையடின், குளுட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டு, இழுத்து மடித்து அழுத்தும்போது இவை சேர்ந்து குளுட்டன் என்ற வலையாகின்றன. கிளையடின் நீளும் தன்மையையும், குளுட்டெனின் இழுத்தால் திரும்பிச் சுருங்கும் தன்மையையும் தருகிறது. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது இந்த வலைதான்.

மிக்சருக்குள் மாவு நான்கு கட்டங்களைக் கடக்கிறது.

1. நனைதல்: மைதா தண்ணீரை உறிஞ்சும். மாவு கட்டி கட்டியாக, பவுலின் சுவரில் ஒட்டிக் கிடக்கும்.
2. திரளுதல்: எல்லாம் ஒரே உருண்டையாகி, பவுலின் சுவர் சுத்தமாகும். மெஷினின் சத்தம் இங்கே மாறும். மாவு சுவரில் அறைபடும் ‘தப் தப்’ ஓசை கேட்கத் தொடங்கும்.
3. முதிர்தல்: மாவு பளபளப்பாக, பட்டுப்போல் ஆகும். எலுமிச்சை அளவு கிள்ளி, நான்கு விரலாலும் மெல்ல இழுத்தால் கிழியாமல் ஜவ்வு மாதிரி விரியும். அதன் வழியே விரல் நிழல் தெரிந்தால் பதம் வந்துவிட்டது.
4. தளர்தல்: அதற்கு மேலும் ஓட்டினால் வலை அறுந்து, பிடித்து வைத்த நீர் வெளியே வரும். மாவு ஈரமாக, பசைபோலாகி ஒட்டும். இதற்குப் பிறகு மைதா தூவிச் சரிசெய்ய முடியாது.

மூன்றாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது மைதாவைப் பொறுத்தது. புரதம் அதிகமுள்ள மைதா சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மைதாவுக்கு வேகமான மிக்சரில் ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். மாவு சூடாக இருந்தால் அதுவும் சுருங்கிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். ஈஸ்ட் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. அது விடும் வாயு, பிசையும்போது மாவுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளுக்குள் போய்ச் சேர்ந்து, அவற்றைத்தான் ஊத வைக்கிறது. ரொட்டியின் உள்பக்கம் நெருக்கமாக இருக்குமா, ஓட்டை ஓட்டையாக இருக்குமா என்பது ஓவனுக்குப் போகும் முன்பே, மிக்சரில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மோட்டார் இழுக்கும் கரண்ட் எங்கே போகிறது

சின்னக் கணக்கு ஒன்று. 50 கிலோ மைதா, 30 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ 80 கிலோ மாவு. 4 கிலோவாட் மோட்டார் முழுச் சுமையில் 8 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 1,920 கிலோஜூல் மின்சாரம் இழுக்கும். ஒரு கிலோ மாவை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 2.8 கிலோஜூல் வேண்டும். 80 கிலோவுக்கு 224. வகுத்துப் பார்த்தால் எட்டரை டிகிரி.

மோட்டார் எப்போதும் முழுச் சுமையில் ஓடாது. பெல்ட்டிலும் பேரிங்கிலும் கொஞ்சம் வீணாகும். அதைக் கழித்தாலும் ஐந்தாறு டிகிரி மாவில் ஏறிவிடும். மைதா தண்ணீரை உறிஞ்சும்போது பிறக்கும் வெப்பம் இதற்கு மேல் சேரும். பத்து கிலோவைக் கையால் பிசையும்போது இந்த வெப்பம் மிகக் குறைவு, மேசையிலும் காற்றிலும் போய்விடும். 80 கிலோ மாவு ஒரே திரளாக இருக்கும்போது வெப்பம் வெளியேற வழியில்லை.

இந்தக் கணக்கின் உச்சத்தை இங்கிலாந்தில் பார்க்கலாம். 1961இல் சார்லிவுட் என்ற ஊரிலிருந்த பேக்கிங் ஆய்வு மையம், மாவை மணிக்கணக்கில் புளிக்கவிடாமல் வேகமாக அடித்தே பதப்படுத்தும் முறையை உருவாக்கியது. ஒரு கிலோ மாவுக்கு 11 வாட்மணி ஆற்றல், இரண்டு முதல் ஐந்து நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையிலிருந்தே மெத்தென்ற ரொட்டி வந்தது; நேரமும் மிச்சமானது. ஆனால் 11 வாட்மணி என்றால் கிலோவுக்கு 39.6 கிலோஜூல், மாவு சுமார் 14 டிகிரி சூடாகும். அதனால் அந்த முறையில் தண்ணீரைக் குளிரூட்டுவது செய்முறையின் ஒரு பகுதியாகவே ஆனது. குளிர் நாட்டிலேயே இந்த நிலை என்றால், மே மாதத்துச் சென்னையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த மெஷின் எதற்கு

ஸ்பைரல் மிக்சர்: ரொட்டி, பன், பீட்சா மாவுக்கு இன்று அதிகம் வாங்கப்படுவது இது. பவுல் மெதுவாகச் சுற்றும். சுருள் கம்பி ஒரே இடத்தில் நின்று வேகமாகச் சுழலும். நடுவில் அசையாத தண்டு ஒன்று இருக்கும். மாவு கம்பிக்கும் அந்தத் தண்டுக்கும் இடையே நசுங்கி, கிழிந்து, மடிந்து வெளியேறுகிறது. ஒரு நேரத்தில் மொத்த மாவில் சிறு பகுதிதான் கம்பியிடம் சிக்கும், மீதி ஓய்வெடுக்கும். அதனால் அதே அளவு பிசைதலுக்கு ஏறும் வெப்பம் குறைவு. பொதுவாகச் சுருள் கம்பி முதல் வேகத்தில் நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குப் பக்கத்திலும், இரண்டாம் வேகத்தில் அதைப்போல் இரு மடங்கும் ஓடும். முதல் வேகம் நனைக்கவும் திரட்டவும்: 3 முதல் 4 நிமிடம். இரண்டாவது வேகம் முதிர்விக்க: 6 முதல் 8 நிமிடம். நேராக இரண்டாம் வேகத்தில் தொடங்கினால் மைதா புகைபோல் எழும். பேக்கரித் தொழிலாளிகளுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இந்தத் தூசி ஒரு முக்கியக் காரணம். இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளானட்டரி மிக்சர்: பவுல் அசையாது, ஹூக் தன்னைத்தானே சுற்றியபடி பவுலுக்குள்ளும் சுற்றி வரும். ஹூக்கைக் கழற்றிவிட்டு பீட்டரோ விஸ்க்கோ மாட்டினால் கேக், க்ரீம், ஐசிங் எல்லாம் செய்யலாம். கேக் முதன்மையாக இருக்கும் கடைக்கு இதுதான் சரி. கெட்டியான ரொட்டி மாவைத் தினமும் போட்டால் மேலே உள்ள கியர் தேயும், மாவு ஹூக்கைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும்.

படுக்கை வாட்ட மிக்சர்: மணிக்கு டன் கணக்கில் ஓடும் ரொட்டி, பிஸ்கட் ஆலைகளுக்கு. ஒரு பேட்ச் நூற்றுக்கணக்கான கிலோ. தொட்டியின் சுவர் இரட்டையாக இருக்கும். நடுவே கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த குளிர்நீர் ஓடி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். குளிரூட்டும் சுவர் இல்லாமல் இந்த அளவில் பிசைவது கடினம்.

லேபிளில் உள்ள கிலோ

ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது. ஸ்பைரல் மிக்சரில் ‘50’ என்று எழுதியிருந்தால் அது மைதாவின் எடையா, மாவின் எடையா? சில கம்பெனிகள் மைதாவைச் சொல்கின்றன, சில மாவைச் சொல்கின்றன. மாவின் எடை என்றால் உள்ளே போகக்கூடிய மைதா 31 கிலோதான். ஒரு மூட்டை பிடிக்கும் என்று நம்பி வாங்கியவர், முழு மூட்டையைக் கொட்டி ஆறு மாதத்தில் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருப்பார். பிளானட்டரியில் எண் லிட்டரில் இருக்கும்; 60 லிட்டர் பவுலில் ரொட்டி மாவுக்கு 20 முதல் 25 கிலோ மைதாவைத் தாண்டினால் பல மாடல்கள் திணறும்.

எந்த எண்ணாக இருந்தாலும், அது 100 கிலோ மைதாவுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தை மனதில் வைத்துப் போட்டதாக இருக்கும். ரஸ்க், பரோட்டா மாதிரி 50 லிட்டர் விகிதத்தில் கெட்டியாகப் பிசைபவர்கள் அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குறைந்தால் மாவு கடினமாகும், மோட்டார் அதிகம் இழுக்கும், வெப்பமும் கூடும்.

குறைவாகப் போடுவதும் பிரச்சினைதான். கால் பங்குக்குக் கீழே போனால் மாவு கம்பியிடம் சிக்காமல் பவுலோடு சேர்ந்து சும்மா சுற்றும். பவுலை எதிர்த்திசையில் சுற்றவிடும் வசதி உள்ள மெஷினில் இது ஓரளவு தீரும். காலையில் 50 கிலோ, மாலையில் 8 கிலோ என்று ஓடும் கடைக்கு ஒரு பெரிய மெஷினைவிட, நடுத்தர மெஷின் ஒன்றும் சின்னது ஒன்றும் வாங்குவதே நல்லது.

தண்ணீரின் வெப்பநிலையைக் கணக்கிடும் முறை

ஈஸ்ட் மாவு மிக்சரை விட்டு வெளியே வரும்போது 26 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் ஈஸ்ட் வேகமெடுக்கும், மாவு இளகும். மைதாவின் சூட்டையோ அறையின் சூட்டையோ நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது தண்ணீர் ஒன்றுதான்.

1. வேண்டிய மாவு வெப்பநிலையை 3ஆல் பெருக்குங்கள். 27 என்றால் 81.
2. மைதாவின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, மெஷினின் உராய்வு எண் (பிசையும்போது மெஷின் மாவில் ஏற்றும் சூட்டைக் காட்டும் எண்; அளக்கும் முறை கீழே) மூன்றையும் கூட்டுங்கள். மைதா 32, அறை 34, உராய்வு எண் 12 என்றால் 78.
3. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 81 – 78 = 3. தண்ணீர் 3 டிகிரியில் இருக்க வேண்டும்.

இதே நாளில் மாடித் தொட்டியிலிருந்து வரும் 33 டிகிரித் தண்ணீரை ஊற்றினால் மாவு என்ன ஆகும்? 32, 34, 33, 12 நான்கையும் கூட்டி 3ஆல் வகுத்தால் 37. பத்து டிகிரி அதிகம். கடைசிப் பன் புளிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

உராய்வு எண் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். கேட்லாக்கில் கிடைக்காது, கடையிலேயே அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமான பேட்சை ஐஸ் போடாமல், வழக்கமான நேரம் பிசையுங்கள். குச்சித் தெர்மாமீட்டரை மாவின் நடுவில் மூன்று இடத்தில் குத்தி சராசரி எடுங்கள். அதை 3ஆல் பெருக்கி, மைதா, அறை, தண்ணீர் மூன்றின் வெப்பநிலைகளையும் கழித்தால் வருவதே உராய்வு எண். பேட்ச் அளவோ பிசையும் நேரமோ மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் 30 லிட்டருக்குப் போதாது. ஐஸ் கணக்கு இது: மொத்தத் தண்ணீரை, குழாய் நீருக்கும் வேண்டிய நீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, குழாய் நீரின் வெப்பநிலையோடு 80ஐக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்குவதால்தான் அந்த 80. நம் உதாரணத்தில் 30 × 30 ÷ 113, அதாவது ஏறத்தாழ 8 கிலோ ஐஸ், 22 லிட்டர் தண்ணீர்.

ஐஸைச் சீவலாகவோ பொடியாகவோ போட வேண்டும். கட்டியாகப் போட்டால் பிசைந்து முடியும்வரை உருகாது. மாவில் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி. கம்பிக்கும் பவுலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அங்கே கட்டி சிக்கினால் கம்பி வளையும். மீனுக்குப் போடும் பார் ஐஸைக் கிட்டத்திலேயே சேர்க்கக் கூடாது, குடிநீரில் செய்த ஐஸ் மட்டுமே.

ஈஸ்ட்டிலும் கவனம் வேண்டும். உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஐஸ் தண்ணீரில் நேரடியாக விழுந்தால் அதன் செல்கள் கசிந்து குளுட்டாதயோன் என்ற பொருளை வெளிவிடும். அது குளுட்டனை அறுத்து மாவை ஒட்டும்படி ஆக்கும். மைதாவோடு முதலில் உலர்வாகக் கலந்துவிடுங்கள், அல்லது மிக்சர் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்துத் தூவுங்கள்.

புரோமேட் போன பிறகு மிக்சரின் வேலை கூடியது

2016 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ரொட்டியில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலிருந்து பொட்டாசியம் புரோமேட்டை நீக்கியது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. நீக்கியது சரியான முடிவு. ஆனால் அதன் விளைவு மிக்சர் வரை வரும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

புரோமேட் மெதுவாக வேலை செய்யும். மாவு உப்பும்போதும் ஓவனுக்குள் போன பிறகும்கூடக் குளுட்டனை இறுக்கும். பிசைவதில் குறை இருந்தாலும் பின்னால் ஈடுகட்டிவிடும். அதன் இடத்தில் வந்த அஸ்கார்பிக் அமிலம் அப்படியல்ல. அது வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் பிசையும்போது மாவுக்குள் போகும் காற்றிலிருந்துதான் கிடைக்கும். ஈஸ்ட்டும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டி போட்டுச் சீக்கிரமே காலி செய்துவிடும். ஆக, அஸ்கார்பிக் அமிலத்தின் வேலை பெரும்பாலும் மிக்சருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பவுலை விளிம்புவரை நிரப்பினால் மாவு புரளாது, காற்று போகாது. 50 கிலோவுக்குப் போட வேண்டிய இரண்டரை முதல் ஐந்து கிராம் அமிலத்தைப் போட்டும் பலன் பாதிதான்.

கரண்ட், பெல்ட், பேரிங்

பெரிய மிக்சர்கள் மூன்று ஃபேஸில் ஓடுபவை. லைன் வேலை முடிந்து கரண்ட் திரும்பும்போது ஃபேஸ் இடம் மாறியிருந்தால் பவுலும் கம்பியும் எதிர்த்திசையில் சுற்றும். மாவைக் கீழே அழுத்த வேண்டிய கம்பி மேலே தள்ளும். பவுலின் மேல் அம்புக்குறி ஒட்டி, காலையில் முதல் பேட்சுக்கு முன் காலியாக ஓட்டிப் பார்ப்பது இரண்டு விநாடி வேலை. ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் உறுமும், சில நிமிடத்தில் மோட்டாருக்குள் இருக்கும் காயில் கருகும். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸிங் ப்ரிவென்டர் மாட்டாமல் மெஷினை ஓட்டவே கூடாது.

வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை 19 சதவீதம் குறையும். மாலை நேரத்தில் மெஷின் இழுக்கவில்லை, பெல்ட் வழுக்கி ரப்பர் கருகும் வாடை வருகிறது என்றால், பெல்ட்டை முறுக்கும் முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்.

மாவில் கருப்புக் கீற்று தெரிந்தால் சுருள் கம்பியின் மேலுள்ள சீல் போய்விட்டது, கிரீஸ் சொட்டுகிறது என்று அர்த்தம். அந்த பேட்சை விற்கக் கூடாது. அந்த இடத்தில் உணவுத் தரக் கிரீஸ் மட்டுமே போட வேண்டும்.

கம்பி மூடி

ஸ்பைரல் மிக்சரின் பவுலுக்கு மேல் ஒரு கம்பி மூடி இருக்கும். அதைத் தூக்கினால் மெஷின் நின்றுவிட வேண்டும். மாவு மிக்சர்களுக்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 453 இதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் ஓடும்போதே மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மூடியின் சுவிட்சை வயரால் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. சுருள் கம்பிக்கும் நடுத்தண்டுக்கும் இடையே கை போனால், மாவை இழுக்கும் அதே விசையில் தோள்வரை இழுத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் சுவிட்சை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பதம் பார்க்க மெஷினை நிறுத்த ஆகும் நேரம் ஐந்து விநாடி. சுவிட்சைக் கட்டிவைத்த மெஷினில் ஆளை நிறுத்துவது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் கவனக்குறைவு அல்ல.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும் நாள்

டீலரிடம் வெள்ளோட்டம் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: உங்கள் மைதா மூன்று மூட்டை, உங்கள் மாஸ்டர், குச்சித் தெர்மாமீட்டர், வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர்.

1. முதல் பேட்சில் உராய்வு எண்ணை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. கிளாம்ப் மீட்டரை மோட்டார் வயரில் மாட்டுங்கள். மாவு முதிர முதிர ஆம்பியர் ஏறும். உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இடம்தான் மூன்றாம் கட்டத்தின் முடிவு. அந்த நிமிடத்தை மாஸ்டரின் ஜவ்வுச் சோதனையோடு ஒப்பிடுங்கள். உச்ச ஆம்பியர் மோட்டார் தகட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் அந்த மெஷின் உங்கள் மாவுக்குச் சின்னது.
3. பவுலின் அடியில், நடுத்தண்டின் கீழ், கலக்காத உலர் மைதா இருக்கிறதா என்று கையால் துழாவுங்கள், மெஷினை நிறுத்திவிட்டு.
4. இடைவெளி விடாமல் இன்னும் இரண்டு பேட்ச் ஓட்டுங்கள். மூன்றாவது பேட்சுக்குள் பவுலும் கம்பியும் சூடேறியிருக்கும். முதல் பேட்சுக்கும் மூன்றாவதுக்கும் மாவின் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். காலை நான்கு மணிக்கு உங்கள் கடையில் ஓடப்போவது முதல் பேட்ச் மட்டுமல்ல. ஐஸ் கணக்கை இந்த மூன்றாவது எண்ணை வைத்துப் போடுங்கள்.